உடன்பிறந்தோர் பாட்டும் திருச்சபையின் செவியும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் குறிஞ்சிப்பாடிக்கு முன்னதாக அமைந்துள்ளது குள்ளஞ்சாவடி. சுற்றிலும் முந்திரித் தோப்புகள், மேற்கே வடலூர், அதற்கும் அப்பால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் தொழிலாளர் நகரியமும். இத்தகைய ஊர்களின் சிறு சபைகளில் டிசம்பர் மாத இரவுகளில் வீடு வீடாகச் செல்லும் கீதப்பவனியைக் கவனித்தோர் ஒன்றை அறிந்திருப்பர். பாடகர் குழு என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று குடும்பத்துப் பிள்ளைகளே. அண்ணன் டோலக்கைத் தட்டுவான். தங்கை மேற்குரலில் எடுப்பாள். தம்பி அவளுக்குக் கீழே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்வான். எவரும் அவர்களுக்கு முறையாகக் கற்பித்ததில்லை. ஒரே கூரையின்கீழ், ஒரே தாயின் தாலாட்டைக் கேட்டு வளர்ந்த குரல்கள் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன.

இவ்வாறு உடன்பிறந்தோர் கூடிப் பாடுவது இசையின்பம் தருவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது வரலாற்றில் அதற்கு வேறொரு பணியும் உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருள். அதற்கு நாம் தேர்ந்துகொண்டது நம் தமிழ்நாட்டின் ஒரு சான்று: பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர் குழு. அவர்களுடைய வரலாற்றைத் திருச்சபை ஏன் கருத்தூன்றிக் கற்க வேண்டும் என்பதை இறுதியில் கூறுவோம். அதற்குமுன் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குவது பயன்தரும்.

மறைநூல் காட்டும் பாடகர் குடும்பங்கள்

இஸ்ரவேலரின் விடுதலை வரலாற்றில் முதலாவது பெரும் பாடல் செங்கடலின் அக்கரையில் எழுந்தது. யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் மோசே பாடுகிறார். அவருடைய தமக்கை மிரியாம் தோற்கருவி ஒன்றைக் கையில் ஏந்திப் பெண்களை வழிநடத்தி எதிர்ப்பாட்டுப் பாடுகிறார். அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய மக்களின் முதற்பாடலை ஓர் உடன்பிறந்தார் இணை எடுத்துக் கொடுத்தது என்பது எண்ணத்தக்கது. மிரியாம் ஏந்திய கருவி, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய எளிய பறை இனத்தைச் சேர்ந்தது என்பதும் நம் கருத்தில் நிற்கட்டும். அதற்குப் பின்னர்த் திரும்பி வருவோம்.

தாவீது அரசரின் காலத்தில் பாட்டு ஊழியம் குடும்பங்களிடமே ஒப்புவிக்கப்பட்டது. முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்னும் மூவரின் மக்களைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகிறது. ஏமானுக்குப் பதினான்கு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தனர் என்றும், தேர்ச்சி பெற்ற பாடகர் 288 பேர் என்றும் அறிகிறோம். கோராகின் புத்திரர் பெயரால் சங்கீதங்கள் பல வழங்குகின்றன. கோராகு கலகம் செய்து மடிந்தவர். ஆயினும் அவருடைய புத்திரர் மடியவில்லை என்று எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் தனித்துச் சொல்லுகிறது. அழிவினின்று தப்பிய குடும்பமே ஆலயத்தின் பாடகர் குடும்பமாயிற்று.

எனினும் உடன்பிறப்பு இசைவு தானாகவே நிலைப்பதன்று. பாடிய மிரியாமே பின்னர் மோசேக்கு எதிராகப் பேசியதை எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதை 133ஆம் சங்கீதம் வியந்து போற்றுவதும், அது எளிதில் வாய்ப்பதன்று என்பதனாலேயே எனலாம்.

ஒரு கீதம் உலகைச் சுற்றிய வழி

கீதப்பவனியில் இன்று நாம் பாடும் பாடல்களில் ஒன்று, அமைதியான இரவைப் பற்றிய ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் பாடல். அது 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் முதன்முறையாகப் பாடப்பட்டது. சொற்களை எழுதியவர் யோசேப் மோர் என்னும் உதவிக் குரு. இசை அமைத்தவர் பிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். இருவரும் ஒரு கித்தாரின் துணையோடு பாடினர். போரினாலும் வறுமையினாலும் நைந்திருந்த ஊர் அது.

அப்பாடலை அச்சிற்றூரிலிருந்து உலகுக்குக் கொண்டு சென்றவை பேராலயங்கள் அல்ல. டிரோல் பகுதியின் சில்லர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஷ்ட்ராஸர் உடன்பிறந்தார் கையுறை விற்கும் எளிய வணிகக் குடும்பத்தினர். சந்தைக்குச் சென்ற லைப்சிக் நகரில் 1830களின் தொடக்கத்தில் அவர்கள் அதைப் பாடினர். அதே பள்ளத்தாக்கின் ரைனர் குடும்பத்தார் 1839இல் அதனை நியூயார்க் நகரில் பாடினர். மலைநாட்டு மக்கள் இயல்பாகவே பல குரல்களில் இசைந்து பாடும் வழக்கம் உடையவர்கள். ஒரு குரல் பண்ணை எடுக்க, மற்றொன்று அதற்கு மேலோ கீழோ இணைநடை போட, மூன்றாவது அடிச்சுரத்தைத் தாங்கும். இம்முறை ஏட்டிலிருந்து கற்றதன்று, அடுப்பங்கரையில் கற்றது.

ரைனர் குடும்பத்தாரின் அமெரிக்கப் பயணம் மற்றொரு குடும்பத்தைத் தட்டியெழுப்பியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மில்ஃபோர்ட் என்னும் ஊரில் வேளாண் தொழில் செய்த ஜெஸ்ஸி, மேரி ஹட்சின்சன் தம்பதியர் பாப்டிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலரும் பாடகர்கள். ஜட்சன், ஜான், ஏசா ஆகிய சகோதரர் மூவரும் தங்கை ஆபியும் நாற்குரலில் இணைந்து பாடிய குழு 1840களில் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றது. மூன்று ஆண் குரல்களும் ஒரு பெண் குரலும் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதபடி கலந்தன என்று கேட்டோர் வியந்தனர்.

புகழ் பெற்றபின் அவர்கள் செய்ததே நமக்கு முக்கியம். கறுப்பின மக்களின் அடிமைத்தனத்துக்கு எதிரான கூட்டங்களில் அவர்கள் பாடத் தொடங்கினர். 1845இல் அடிமைத்தளையினின்று தப்பிய பெருந்தலைவர் பிரெடரிக் டக்ளஸ் இங்கிலாந்துக்குப் பயணமானபோது அதே கப்பலில் அவர்களும் சென்றனர். உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டில், வர்ஜீனியாவில் படைவீரர்முன் அவர்கள் பாடினர். கவிஞர் விட்டியர் அடிமை ஒழிப்பைக் குறித்து எழுதிய சொற்களை மார்ட்டின் லூத்தரின் புகழ்பெற்ற கோட்டைப் பாட்டின் பண்ணில் அவர்கள் பாடியபோது கூட்டத்தில் கலகலப்பு எழுந்தது. படைத்தலைமை அவர்கள் முகாம்களில் பாடுவதற்கு அளித்திருந்த அனுமதியை நீக்கிவிட்டது. குடியரசுத் தலைவர் லிங்கன் அச்சொற்களுக்கு ஆதரவு காட்டியதாக வரலாறு கூறுகிறது.

அதே லூத்தரின் பண்ணை அப்படைவீரர் பலர் தம் ஆலயங்களில் குழந்தைப் பருவம் முதல் பாடியிருப்பர். அங்கே அது எவரையும் கலக்கவில்லை. அடிமையின் பெயரைச் சொல்லும் சொற்கள் அதில் ஏறியவுடன் அது கலகப் பாட்டாயிற்று. இசைவு என்பது செவிக்கு இனிமையாக இருக்கும்வரை அனைவரும் அதனை விரும்புவர். நீதியைச் சொல்லத் தொடங்கியதும் சிலர் காதுகளைப் பொத்திக்கொள்வர்.

பண்ணைப்புரத்துச் சகோதரர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரம் என்னும் ஊர் உள்ளது. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அது இன்று தேனி மாவட்டத்தில் அடங்கும். அவ்வூரில் இராமசாமி என்பவரின் மக்களாகப் பிறந்தவர்களே பின்னாளில் பாவலர் சகோதரர் எனப் பெயர்பெற்றோர். மூத்தவர் வரதராஜன், இவர் மற்றவர்களுக்குத் தந்தைவழித் தமையன். இளையோர் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகிய மூவர். அவர்களுடைய தாயார் சின்னத்தாயம்மாள். 1943இல் பிறந்த இராசையாவே பிற்காலத்தில் இளையராஜா. அமர்சிங்கே கங்கை அமரன். டேனியல் என்னும் பெயர் அக்குடும்பத்தாரோடு சேர்த்து வழங்கப்படுவது பலரும் அறிந்ததே. இதனைச் சுட்டி அவர்களை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது எம் நோக்கமன்று. ஒரு மனிதரின் சமயப் பயணம் அவருக்கும் இறைவனுக்கும் உரியது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு.

வரதராஜன் கவி புனையும் ஆற்றல் மிக்கவர். ஆதலின் பாவலர் என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்தவர். மேடையில் நின்று, மக்கள் நன்கறிந்த திரைப்படப் பாடல்களின் மெட்டுகளிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும், கூலி, நிலம், பசி, விலைவாசி ஆகியவற்றைப் பற்றித் தாமே எழுதிய சொற்களைப் பாடுவார். மெட்டு முன்னமே தெரிந்ததாகையால் கேட்போர் சொற்களின்மேல் முழுக்கவனம் செலுத்த இயன்றது. இரண்டாம் முறை பாடும்போது கூட்டமே சேர்ந்து பாடியது. எழுத்தறியா மக்களிடம் செய்தி சேர்க்க அதனினும் விரைவான வழி அந்நாளில் இல்லை.

தந்தையார் இளையோரின் சிறுவயதிலேயே காலமானார். இராசையா தம் பதினான்காம் வயதளவில் தமையனின் குழுவில் சேர்ந்தார். குரல் உடையாத பருவமாதலின் பெண்குரலில் பாட வேண்டிய பகுதிகளை அவர் ஏற்றார் என்பதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பாஸ்கர் தாளக்கருவிகளைக் கையாண்டார். இராசையா ஆர்மோனியத்தைப் பழகினார். இளையவரான அமரும் உடன் சேர்ந்தார். ஒரு குடும்பமே இவ்வாறு ஒரு குழுவாயிற்று. அடுத்த பத்தாண்டு அளவிற்கு அவர்கள் ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாகச் சென்று பாடினர்.

தேவிகுளத்தில் ஒலித்த குரல்

இக்குழுவின் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது தேவிகுளம் இடைத்தேர்தல். 1957இல் கேரளத்தில் நடைபெற்ற முதற்பொதுத்தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 126 இடங்களுள் 60 இடங்களைப் பொதுவுடைமைக் கட்சி பெற்றது. சுயேச்சை உறுப்பினர் ஐவரின் ஆதரவோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைந்தது. இவ்வளவு குறுகிய பெரும்பான்மையில் ஒவ்வோர் இடமும் அருமையானது. தேவிகுளம் தொகுதியில் வெற்றிபெற்ற ரோசம்மா புன்னூஸ் அம்மையாரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகவே, 1958இல் அங்கே மறுதேர்தல் நடைபெற்றது.

தேவிகுளமும் மூணாறும் தேயிலை மலைகள். அங்கே உழைத்தோர் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கங்காணிமார் வழியாக மலையேறிய தமிழர். லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினர் அவர்களுள் மிகுதி. நம் சபைகளின் மக்களும் அவர்களுள் இருந்தனர். மலையாளத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவுகள் அவர்கள் உள்ளத்தை எட்டுவது அரிது. அம்மலைகளுக்குப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் சென்றார். அவர்களுடைய மொழியில், அவர்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று அமைச்சரவைத் தலைவரே பாராட்டினார் எனச் சொல்வது இன்றளவும் வழக்கம்.

இங்கே ஒரு முரணை நாம் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். அந்த அமைச்சரவைக்கு எதிராக 1959இல் கேரளத்தில் எழுந்த கிளர்ச்சியில் அம்மாநிலத்தின் கிறிஸ்தவ சபைகள் பல முன்னணியில் நின்றன. கல்விச் சட்டம் தம் பள்ளிகளின் உரிமையைப் பறிக்கும் என்பது அவர்களுடைய அச்சம். 1959 ஜூலை 31ஆம் நாள் அமைச்சரவை நீக்கப்பட்டது. அவ்வச்சத்தில் நியாயம் சிறிதும் இல்லை என்று நாம் கூறவில்லை. கடவுளை மறுக்கும் தத்துவத்தைக் குறித்துத் திருச்சபை எழுப்பிய கேள்விகளும் உண்மையானவையே. ஆயினும் தேயிலைத் தொழிலாளியின் கூலியைக் குறித்து அந்நாட்களில் பாடியவர் எவர், பள்ளிகளின் நிர்வாகத்தைக் குறித்துப் போராடியவர் எவர் என்று வரலாறு வினவும்போது நம் விடை என்ன?

பின்பாட்டும் நாற்குரலும்

இசையின் அமைப்பைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மேல்நாட்டில் ரைனர், ஹட்சின்சன் குடும்பத்தார் பாடியது ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை இசைக்கும் ஒத்திசை. நம் நாட்டுப்புற மரபின் கூட்டுப்பாட்டு வேறு வகையினது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். இதனையே முன்பாட்டு, பின்பாட்டு என்கிறோம். நடவுப்பாட்டிலும் ஏற்றப்பாட்டிலும் கும்மியிலும் இதுவே முறை. இங்கே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தோள்மாற்றிக் கொள்கின்றன. ஒருவர் மூச்சு வாங்கும் வேளையில் பாட்டு நின்றுபோகாதபடி மற்றவர் தாங்குகின்றனர். நெடுநேரம் குனிந்து நாற்று நடுவோரின் உடலிலிருந்து பிறந்த இசைமுறை இது. இதுவும் ஒருவகை இசைவே. இதனைத் தாழ்ந்ததென்று கூற எவ்வித ஆதாரமும் இல்லை.

மேல்நாட்டு நாற்குரல் இசை தமிழ்நாட்டில் பெரும்பாலும் எங்கே ஒலித்தது? நம் ஆலயங்களில்தான். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனெரிமார் காலந்தொட்டு ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழாயின. பின்வந்த மிஷன் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மேற்குரல், இடைக்குரல், ஆண்குரல், அடிக்குரல் என நால்வகையாகப் பாடகர் பயிற்றுவிக்கப்பட்டனர். எழுத்தறிவில்லாப் பெற்றோரின் பிள்ளைகள் இசைக்குறியீட்டைப் படித்தனர். இது சிறிய கொடையன்று.

மறுபுறம் தமிழ் மரபையும் நம் முன்னோர் விட்டுவிடவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளை மட்டுமன்றிப் பெத்லகேம் குறவஞ்சி போன்ற மக்கள் வடிவங்களையும் நற்செய்திக்காகக் கையாண்டார். ஆயினும் தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டை அகற்ற மிஷனெரிமார் முயன்றபோது அவர் அதனை எதிர்த்தோர் பக்கமே நின்றார் என்பதும் வரலாறு. மக்கள் வடிவம் ஆலயத்துள் வந்தது. அவ்வடிவத்தை ஈன்ற மக்கள் சம இடம் பெறவில்லை. நாளடைவில் கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் ஆலயத்துக்கு ஏற்றவையெனக் கருதப்பட்டன. கும்மியும் தெம்மாங்கும் ஒப்பாரியும் வெளியே நின்றன. பறையோ சாவு வீட்டோடும் சாதி இழிவோடும் பிணைக்கப்பட்டு வாயிற்படியையே தாண்டவில்லை. மிரியாம் ஏந்திய கருவியின் உறவுக்கருவிக்கு மிரியாமின் இறைவனுடைய ஆலயத்தில் இடமில்லாது போயிற்று!

நாற்குரல் இசையை நாம் கற்றோம். அதனை வயல்வெளி மக்களுக்குக் கொண்டு செல்லவில்லை. அப்பணியைச் செய்தவர்கள் பிறர். 1958இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்கள் தோன்றின. அவற்றின் பின்னணியில் நின்றவர் இடதுசாரிக் கலை இயக்கத்தில் வளர்ந்த சலில் சௌத்ரி. தமிழ்நாட்டில் அதே இயக்கத்தைச் சார்ந்த எம்.பி. சீனிவாசன் (1925–1988) 1970களின் தொடக்கம் முதல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைப் பயிற்றுவித்துப் பாரதியார் பாடல்களைப் பல குரல் இசைவில் பாடச் செய்தார். நம் பாடகர் மேடையில் பூட்டியிருந்த கலை வேறொரு கதவின் வழியே மக்களிடம் சென்றது.

சென்னைக்குச் சென்ற தம்பியர்

1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இராசையா மெட்டமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பு என்பர். 1968ஆம் ஆண்டளவில் தம்பியர் சென்னைக்குச் செல்ல முனைந்தனர். சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று அத்தொகையை மக்கள் கையில் கொடுத்தார். வீட்டில் ஒலித்த ஒரே கருவியை விற்று மக்களின் இசைக்கு வழிசெய்த அத்தாயின் செயலில், தன் காணிக்கையில் எதையும் மீத்துக்கொள்ளாத ஏழை விதவையின் சாயலை நாம் காண்கிறோம்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இராசையா மேல்நாட்டு இசையை முறையாகக் கற்றார். குரலுக்கு எதிர்க்குரல் அமைக்கும் நுட்பமும் பாக் போன்ற மேதைகளின் படைப்புகளும் அங்கே அவருக்கு அறிமுகமாயின. 1973இல் பாவலர் வரதராஜன் மறைந்தார். தம்பியின் முதற்படமான அன்னக்கிளி 1976இல் வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை. அப்படத்தின் பாடல்களில் தமிழ்நாடு வியந்து கேட்டது தன் வயல்வெளியின் குரலையே. 1986இல் வெளிவந்த தம் கருவியிசைத் தொகுப்பு ஒன்றை இளையராஜா தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். பாக் ஒரு லுத்தரன் ஆலய இசைஞர். நம் சபைகள் மூன்று நூற்றாண்டாகக் கையில் வைத்திருந்த அம்மரபு, தெம்மாங்கோடு கைகோத்து மக்களுக்குச் சொந்தமானது நம் ஆலயங்களில் அன்று. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில்.

தம்பியின் புகழில் தமையனின் பெயர் மங்கியதும் உண்டு. பாவலர் என்னும் பெயரைத் தம்பியர் தம் திரைப்பட நிறுவனத்துக்குச் சூட்டி நிலைநிறுத்தினர். எனினும் அன்றைய கூட்டத்துக்கென எழுதப்பட்ட பாட்டு அன்றைய கூட்டத்தோடு கரைந்துபோவது இயல்பு. மக்களுக்காகப் பாடியோருக்கு வரலாறு தரும் கூலி பெரும்பாலும் இவ்வளவே.

மதுரையில் ஒரு மறுமொழி

திருச்சபை முற்றிலும் செவிடாக இருந்துவிட்டது என்று முடிப்பதும் நீதியன்று. 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு அவர்கள், பரட்டை என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர், இவ்விடைவெளியைக் கண்டுணர்ந்தார். வழிபாட்டு முறைமையையே நாட்டுப்புற மெட்டுகளில் அமைத்தார். ஒடுக்கப்பட்டோரின் மொழியையும் பறையின் தாளத்தையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார். நாட்டுப்புறப் பாட்டை எவரும் பாடலாம், பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றியும் அமைக்கலாம் என்பதே அதன் விடுதலைப் பண்பு என்று அவர் கற்பித்தார். இறைமக்கள் அனைவரும் ஒரே குடும்பம். அக்குடும்பத்தின் அடையாளம் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பது என்பது அவருடைய இறையியலின் மையம். 2005இல் அவர் மறையும்வரை பல தலைமுறை மாணாக்கர் அவரிடம் பாடக் கற்றனர்.

ஒரே உலை என்னும் இக்கருத்து, நாம் தொடங்கிய இடத்துக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. குள்ளஞ்சாவடியிலிருந்து மேற்கே சிறிது தொலைவில் உள்ள வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோருக்குச் சோறாக்குகிறது. அவ்வடிகளாரும் பாடியவரே. பாட்டும் உலையும் பிரியாதவை என்பதை இம்மண் நம்மினும் முன்னரே அறிந்திருந்தது போலும்.

முடிவுரை

உடன்பிறந்தோரின் குரல்கள் ஏன் இவ்வளவு இனிது இசைகின்றன? ஒரே உடற்கூறு, ஒரே பேச்சுமுறை என்று இசை வல்லுநர் விளக்கம் தருவர். அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு என எண்ணுகிறோம். உடன்பிறந்தவர் பாடும்போது ஒருவர் மூச்சை மற்றவர் அறிவார். எங்கே அண்ணன் தடுமாறுவான், எங்கே தங்கை தாழ்வாள் என்பது மற்றவருக்குத் தெரியும். இசைவு தொண்டையில் பிறப்பதற்குமுன் செவியில் பிறக்கிறது. பிறரைக் கேளாதவன் ஓங்கிப் பாடலாம். இசைந்து பாட இயலாது.

திருச்சபை தன்னைச் சகோதரக் கூட்டமென்று அழைத்துக்கொள்கிறது. ஆராதனையில் நம் நாற்குரல் பிழையின்றி ஒலிக்கலாம். ஆனால் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவர், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் பெண், சுரங்கத்துக்கு நிலத்தை ஈந்து வேற்றூரில் குடியேறிய குடும்பம் ஆகியோரின் குரல் நம் ஐந்தாம் குரலாக அதில் சேர்ந்துள்ளதா? அவர்களைக் குறித்துப் பாடுவது ஒன்று. அவர்களோடு சேர்ந்து பாடுவது மற்றொன்று. அவர்கள் எடுத்துக் கொடுக்க நாம் பின்பாட்டுப் பாடுவது இவ்விரண்டினும் மேலானது. பாவலர் சகோதரர் மலையேறிச் சென்று பாடிய நாளில் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்விக்கு இனி விடை திருத்த இயலாது. நம் வாசலுக்கு இந்த டிசம்பரில் வரும் பிள்ளைகளிடம், அவர்கள் வீட்டில் அம்மாவும் ஆத்தாவும் வேலை செய்துகொண்டே பாடும் பாட்டு எது என்று கேட்டு, அதையும் பாடச் சொல்ல இயலும். கேட்கும் செவியை இறைவன் நமக்கு அருள்வாராக.